அவர்களுக்குச் சலுகை, நமக்கு இலவசம்

வீட்டுக்காக அரசாங்கம் கொடுக்கும் பணத்துக்கு நம் நாட்டில் இரண்டு பெயர்கள். வங்கிக் கடனில் வீடு வாங்கும் மாதச் சம்பளக்காரருக்குப் போனால் அது 'வரிச் சலுகை'. காலனியில் கூரையைப் பிரித்துவிட்டுக் கல்வீடு கட்டும் கூலிக்காரருக்குப் போனால் அது 'இலவசம்'. சலுகை வாங்கியவர் பொறுப்பான குடிமகன். இலவசம் வாங்கியவர் நாட்டைச் சோம்பேறியாக்குகிறவர். டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இந்த இரண்டு சொற்களையும் மாற்றி யாரும் பேசிவிட மாட்டார்கள். அவ்வளவு பழகிப்போன சொற்கள்.

போன மாதம் என் சித்தி மகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அவன் திருபுவனை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. எட்டு வருஷமாக ஒரே இயந்திரத்தில் வேலை. பெயர்ப் பலகை மட்டும் மூன்று ஒப்பந்ததாரர்களுக்கு மாறிவிட்டது. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 17,000 ரூபாய் சொச்சம். கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அப்பா கட்டிய கல்வீட்டில் தம்பி குடும்பத்தோடு இரண்டு அறையைப் பங்குபோட்டு இருக்கிறான். "அண்ணா, முதல் வீடு வாங்கறவங்களுக்கு கவர்மெண்ட்ல வரி தள்ளுபடி தர்றாங்களாமே, நமக்கு வருமா?" என்று கேட்டான்.

அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: வராது. ஆனால் ஏன் வராது என்று சொல்ல ஒரு கட்டுரை வேண்டும்.

முதலில் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 24(பி) என்று ஒரு பிரிவு. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வாங்கிய கடனின் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2014க்கு முன்பு இது ஒன்றரை லட்சமாக இருந்தது. 80சி பிரிவில் கடனின் அசலையும், பத்திரப்பதிவுச் செலவையும், மற்ற சேமிப்புகளோடு சேர்த்து ஒன்றரை லட்சம் வரை கழிக்கலாம். இவை எந்த வீட்டுக் கடன்காரருக்கும் உண்டு.

முதல் வீடு வாங்குகிறவர்களுக்கென்றே தனியாக வந்தவை இரண்டு. 80இஇ பிரிவு: 2016-17 நிதியாண்டில் அனுமதிக்கப்பட்ட கடனுக்கு, வட்டியில் கூடுதலாக 50,000 ரூபாய். வீட்டின் மதிப்பு 50 லட்சத்துக்குள், கடன் 35 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அடுத்தது 80இஇஏ: 2019 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை அனுமதிக்கப்பட்ட கடனுக்குக் கூடுதலாக ஒன்றரை லட்சம். வீட்டின் முத்திரைத்தாள் மதிப்பு 45 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை, கடன் கிடைத்த நாளில் அவர் பெயரில் வேறு வீடு இருக்கக் கூடாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

பழைய வரி முறையில், ஆண்டு வருமானம் 10 லட்சத்துக்கு மேல் உள்ள ஒருவருக்கு மேல்தட்டு வரி 30 சதவீதம். கல்வி, சுகாதார வரியையும் சேர்த்தால் 31.2. அவர் 2 லட்சம் வட்டியைக் கழித்தால் ஓர் ஆண்டில் மிச்சமாவது 62,400 ரூபாய். 5 சதவீத வரித்தட்டில் இருக்கிற ஒரு பள்ளி ஆசிரியை அதே 2 லட்சம் வட்டி கட்டினால் அவருக்கு மிச்சம் அதிகபட்சம் 10,400 ரூபாய். என் சித்தி மகன் வீட்டுக்காக எவ்வளவு வட்டி கட்டினாலும் மிச்சம் பூஜ்யம். ஏனென்றால் அவன் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கவில்லை. வருமானம் கூடக் கூட உதவி கூடுகிறது. தேவை கூடக் கூட உதவி குறைகிறது. வேறு எந்த நலத்திட்டத்தையாவது இப்படி வடிவமைத்தால் ஊரே சிரிக்கும்.

இன்னும் ஒரு கணக்கு. அந்த 62,400 ரூபாயை நான்கால் பெருக்குங்கள். 2,49,600. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு 2024 செப்டம்பரில் இரண்டாம் கட்டமாகத் தொடங்கியது. அதில் சொந்த மனையில் வீடு கட்டும் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு மத்திய, மாநிலப் பங்கு சேர்த்து வாழ்நாளில் ஒரே முறை கிடைப்பது 2.50 லட்சம். கிராமப்புறப் பிரிவில் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம்தான். அதாவது ஏழைக்கு ஆயுளுக்கு ஒருமுறை கிடைக்கும் தொகை, உயர்ந்த வரித்தட்டில் இருப்பவருக்கு நான்கே ஆண்டில், வட்டிக் கழிவு ஒன்றின் மூலமாக மட்டுமே வந்து சேர்ந்துவிடுகிறது. அவருக்குப் பதினைந்து, இருபது ஆண்டு கடன் பாக்கி இருக்கும்.

எப்படி வந்து சேர்கிறது என்பதையும் பாருங்கள். அவர் அலுவலகக் கணக்குப் பிரிவில் வங்கி கொடுத்த ஒரு தாளைக் கொடுக்கிறார். முடிந்தது. நம் பேட்டில் கல்வீட்டுப் பணம் வாங்குகிறவர் குடும்ப அட்டை, ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா, 'வேறு வீடு இல்லை' என்ற சான்று என்று ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு கொம்யூன் பஞ்சாயத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடக்கிறார். அடித்தளம் போட்டதும் ஒரு போட்டோ, லிண்டல் வந்ததும் ஒரு போட்டோ, தளம் ஒட்டியதும் ஒரு போட்டோ. ஒவ்வொரு போட்டோவுக்கும் ஒரு தவணை. தவணை தாமதமானால் பாதிச் சுவரில் மழை பெய்யும். கடைசியில் சுவரில் திட்டத்தின் பெயரை எழுதி வைக்க வேண்டும். வரிச் சலுகையில் கட்டிய வீட்டு வாசலில் 'இது மக்கள் வரிப்பணத்தில் சலுகை பெற்றுக் கட்டியது' என்று எழுதியிருப்பதை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், கடந்த 20 ஆண்டுகளில் எந்த அரசு வீட்டுத் திட்டத்திலாவது பயன் பெற்றவருக்கு மறுபடி கிடையாது. வரிக் கழிவுக்கு அப்படி ஒரு விதி இல்லை. இன்று ஒரு வீடு, பத்து ஆண்டு கழித்து அதை விற்றுவிட்டு இன்னொரு வீடு என்று ஆயுள் முழுக்க வட்டியைக் கழித்துக்கொண்டே போகலாம்.

நம் ஊர் பெயரிலேயே இந்தக் கதை இருக்கிறது. திருபுவனையைச் சோழர் காலக் கல்வெட்டுகள் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்று சொல்கின்றன. சதுர்வேதிமங்கலம் என்றால் வேதம் படித்த பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட குடியிருப்பு. அப்படிக் கொடுத்த பிரம்மதேய நிலங்கள் பெரும்பாலும் இறையிலி, அதாவது வரி இல்லாதவை. வீடும் நிலமும் கொடுத்து, வரியையும் தள்ளிவிட்ட முதல் திட்டம் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நடந்துவிட்டது. பயனாளிப் பட்டியலில் நம் பெயர் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி விலக்குப் பட்டியலில் பறைச்சேரியும் வருகிறது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். வருகிறதுதான், சுடுகாட்டோடு சேர்த்து வருகிறது. அது சேரியில் வாழ்ந்தவருக்குக் கொடுத்த உரிமை இல்லை. கோயிலுக்குச் சேர வேண்டிய விளைச்சலைக் கணக்கிடும்போது விளையாத இடத்தைக் கழித்த கணக்கு.

'முதல் வீடு' என்ற சொல்லுக்கே நம் தெருவில் வேறு பொருள். வரிச் சட்டத்தில் முதல் வீடு என்பது ஒரு மனிதர் வாழ்க்கையில் வாங்கும் முதல் வீடு. அவருடைய அப்பாவுக்கு வீடு இருந்திருக்கும், தாத்தாவுக்கு நிலம் இருந்திருக்கும். அதை விற்றோ அடமானம் வைத்தோ முன்பணம் போட்டிருப்பார். நமக்கு முதல் வீடு என்றால் ஒரு வம்சத்துக்கே முதல் வீடு. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் பறையர்கள் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையில், அவர்கள் குடியிருக்கும் மனை கூட அவர்களுடையதாக இல்லை, மிராசுதாரர் நினைத்தால் வெளியேற்ற முடியும் என்பதை அரசுக்கு எடுத்துச் சொன்னார். அதன் பிறகு எண்பது ஆண்டு கழித்து, 1971இல்தான் தமிழ்நாட்டில் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. குடிசை நிற்கிற மண் தனக்குச் சொந்தம் என்று சட்டம் சொல்லவே இத்தனை காலம். அப்படிப்பட்டவரின் பேரனும், நான்கு தலைமுறையாகப் பத்திரம் வைத்திருந்தவரின் பேரனும் வங்கி வாசலில் 'முதல் வீடு வாங்குபவர்' என்ற ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

வங்கி வாசல் என்றதும் சொல்ல வேண்டியது. என் சித்தி மகன் ஒரு வங்கிக்குப் போனான். எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை, எல்லா இடத்திலும் இதே பேச்சுதான். அப்பா பெயரில் இருக்கும் மனையில் மாடி எடுக்கவோ, இல்லையென்றால் மதகடிப்பட்டு பக்கம் ஒரு சின்ன மனை வாங்கிக் கட்டவோ கடன் கிடைக்குமா என்று கேட்டான். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். மூன்று தாள் கேட்டார். படிவம் 16, மூன்று வருஷ வருமான வரிக் கணக்கு, வில்லங்கம் இல்லாத தாய்ப் பத்திரம். முதல் இரண்டும் வரி கட்டும் சம்பளக்காரரை மனதில் வைத்துக் கேட்கப்படுபவை. மூன்றாவதுக்கு இவன் நீட்டியது எல்.ஜி.ஆர். பட்டா. அரசு கொடுத்த மனைப்பட்டா. "இது நிபந்தனைப் பட்டா தம்பி, இதை வெச்சு லோன் போட முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அரசு முத்திரை குத்திக் கொடுத்த காகிதத்தை, அரசின் திட்டத்தில் கடன் கொடுக்க வேண்டிய வங்கி நம்பவில்லை.

கடன் கொடுத்தாலும் முழுத் தொகை கிடைக்காது. 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 20 லட்சம் வீடு என்றால் 2 லட்சம் கையில் வேண்டும், பத்திரச் செலவு தனி. வரிச் சலுகை இந்த 2 லட்சத்தைத் தருவதில்லை. வீடு வாங்கிய பிறகு, வட்டி கட்டிய பிறகு, அடுத்த ஆண்டு கணக்கில்தான் அது வருகிறது. வாசற்படி ஏற முடியாதவருக்கு மாடியில் சாப்பாடு வைத்த மாதிரி.

பிறகு நம் ஆட்கள் எப்படிக் கட்டுகிறார்கள்? ஏலச்சீட்டு, தாலிக்கொடி அடமானம், மகளிர் குழுக் கடன், அதற்கு மேல் வீட்டு வாசலில் வந்து வசூலிக்கும் நுண்கடன் கம்பெனி. நுண்கடனுக்கு ஆண்டு வட்டி 20 சதவீதத்துக்கு மேல். ஒரு வேடிக்கை சொல்கிறேன். சட்டப்படி 24(பி) கழிவுக்குக் கடன் வங்கியிலிருந்துதான் வாங்க வேண்டும் என்று இல்லை. தனியாரிடம் வாங்கிய கடனுக்கும் வட்டிச் சான்று இருந்தால் கழிக்கலாம். நம் தண்டல்காரர் சான்று எழுதித் தருவாரா என்பதை விடுங்கள். தந்தாலும் எதிலிருந்து கழிப்பது? நாட்டிலேயே அதிக வட்டி கட்டி வீடு கட்டுகிறவர்களுக்கு வட்டிக் கழிவு இல்லை.

சரி, படித்து, நல்ல வேலைக்குப் போய், வரி கட்டும் அளவுக்கு உயர்ந்த நம் பிள்ளைகளுக்காவது இது கிடைக்கிறதா? கடன் கிடைக்கும். வீடு கிடைக்க வேண்டுமே. என் நண்பர் ஒருவர், அரசு ஊழியர், புதுச்சேரி–விழுப்புரம் சாலையோரம் புதிதாகப் பிரித்த மனைப்பிரிவில் இடம் பார்த்தார். தரகர் இரண்டு நாள் தேனாகப் பேசினார். மூன்றாம் நாள், "சார், உங்க சொந்த ஊர் எது?" என்றார். சொன்னார். "ஊர்லயா, பேட்டுலயா?" என்று அடுத்த கேள்வி. அதன் பிறகு அந்த மனை 'போயிடுச்சு'. பக்கத்து மனையும் போயிடுச்சு. விளம்பரப் பலகை மட்டும் ஆறு மாதம் அங்கேயே நின்றது.

1917இல் வெளிநாட்டில் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க ஓர் அறை கிடைக்காமல் போனது நமக்கெல்லாம் தெரியும். வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, அறை இல்லை. அதற்கு நூறாண்டு கழித்தும் கதை மாறவில்லை. சுகதேவ் தோரட்டும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் தில்லியிலும் சுற்றுப்பகுதிகளிலும் வாடகை வீடு தேடுவதைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளும் முஸ்லிம்களும் எப்படித் தட்டிக்கழிக்கப்படுகிறார்கள் என்று காட்டியது. 2005இல் உச்ச நீதிமன்றம், ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர்களை ஒரே சமூகத்தாராக வைத்துக்கொள்ளலாம் என்றே தீர்ப்பு சொன்னது. 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமை காரணமாக ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால் 'போயிடுச்சு சார்' என்ற ஒரு சொல்லை வைத்து எந்த வழக்கைப் போடுவது?

அமெரிக்காவில் 1934இல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் தொடங்கி, வீட்டுக் கடனுக்கு அரசே உத்தரவாதம் கொடுத்தது. கறுப்பர்கள் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று ஒதுக்கிவைத்தது. அரசாங்கப் பணம் வெள்ளையருக்குச் சொத்தாகச் சேர்ந்தது. பாகுபாட்டைத் தடுக்கும் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் 1968இல்தான் வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு அங்கே ஒரு வழி பிறந்தது. ஒரே வருமானம் உள்ள ஒரு வெள்ளையரையும் ஒரு கறுப்பரையும் அடுத்தடுத்து அதே வீட்டைக் கேட்க அனுப்பி, பதிலில் உள்ள வித்தியாசத்தை ஆதாரமாக்குகிறார்கள். நம் தரகர்களுக்கும் அந்தச் சோதனையை வைத்தால் 'போயிடுச்சு' எப்படிப் போனது என்று தெரிந்துவிடும்.

இதற்கிடையே அரசின் பாதை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். முதல் வீட்டுக்கான 80இஇஏ 2022 மார்ச்சோடு நின்றது. ஏழைகளின் கடன் வட்டிக்கு மானியம் தந்த திட்டமும் அதே மார்ச்சோடு நின்று, இரண்டரை ஆண்டு கழித்துச் சுருங்கிய தொகையோடு திரும்பி வந்தது. முன்பு அதிகபட்சம் 2.67 லட்சம், இப்போது 1.80 லட்சம், அதுவும் ஐந்து தவணையில். இன்னொரு பக்கம், 2019 பட்ஜெட் இரண்டாவது வீட்டை வைத்திருப்பவருக்கு அதன் உத்தேச வாடகைக்கு வரி இல்லை என்றது. வீடு விற்ற லாபத்தை இன்னொரு வீட்டில் போட்டால் அந்த லாபத்துக்கு வரியில்லை. அதற்கு 2023இல்தான் ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். எவ்வளவு தெரியுமா? 10 கோடி. புதிய வரி முறையில், தான் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியைக் கழிக்க முடியாது. வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம். ஒரே வீட்டில் குடியிருப்பவருக்கு இல்லாதது, ஒன்றுக்கு மேல் வைத்து வாடகை வாங்குகிறவருக்கு இருக்கிறது.

இங்கே நம் இயக்கங்கள் இன்னும் போதுமான அளவு பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. அரசு நேரடியாகச் செலவு செய்தால் அதில் நமக்கு ஒரு பங்கு கேட்க முடியும். 1979 முதல் அட்டவணை சாதியினருக்கான துணைத் திட்டம் இருக்கிறது. புதுச்சேரியில் 2011 கணக்குப்படி நாம் 15.7 சதவீதம். நம் பங்கு எங்கே, எந்தத் துறை திருப்பிவிட்டது என்று கேள்வி கேட்கலாம். பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் 60 சதவீதம் அட்டவணை சாதியினர், பழங்குடியினருக்கு என்ற ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் வரிச் சலுகை 'செலவு' என்ற பெயரில் வராது. அது 'வராத வருமானம்'. மத்திய பட்ஜெட்டோடு ஒவ்வோர் ஆண்டும் வரிச் சலுகைகளால் அரசு இழந்த வருவாய் பற்றி ஓர் அறிக்கை வைக்கிறார்கள். அந்த அறிக்கையில் நமக்கு எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு இடமே இல்லை. வருமான வரிப் படிவத்தில் சாதிக் கட்டம் கிடையாது. கஜானாவின் முன்வாசலில் இடஒதுக்கீட்டைப் போராடி வாங்கினோம். பின்வாசல் வழியாகப் போகும் பணத்தை யாரும் எண்ணுவதில்லை. வீட்டுக்கான பணத்தில் பின்வாசல் சின்ன வாசல் இல்லை.

அப்படியானால் என்ன கேட்பது?

முதலாவது, கழிவு வேண்டாம், ஈட்டுத்தொகை வேண்டும். இங்கிலாந்தில் 2017 முதல் ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கிறது. 18 முதல் 39 வயது வரை உள்ளவர்கள் தொடங்கலாம். ஆண்டுக்கு 4,000 பவுண்டு வரை போட்டால் அரசு 25 சதவீதம், அதாவது 1,000 பவுண்டு சேர்த்துப் போடும். முதல் வீடு வாங்க எடுத்துக்கொள்ளலாம். போடுகிறவர் வரி கட்டுகிறாரா இல்லையா என்பது பொருட்டில்லை. அதிலும் குறை உண்டு, ஆண்டுக்கு 4,000 மிச்சம் பிடிக்க முடிந்தவருக்குத்தான் முழுப் பலன். ஆனாலும் உதவி வருமானத்தோடு சேர்ந்து ஏறாது, முன்பணம் சேர்க்கும் காலத்திலேயே வந்துவிடுகிறது. நம் நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 2010இல் ஸ்வாவலம்பன் ஓய்வூதியத் திட்டத்தில் அமைப்புசாராத் தொழிலாளி கணக்கில் அரசு ஆண்டுக்கு 1,000 ரூபாய் போட்டது. 2015இல் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் தொடக்கத்தில் சேர்ந்தவர்களுக்கு, அவர்கள் வருமான வரி கட்டாதவர்களாக இருந்தால், ஐந்தாண்டுக்கு அரசும் பங்கு போட்டது. வரி கட்டாதவருக்கென்றே ஒரு சேமிப்பு உதவியை இந்த அரசே வடிவமைத்திருக்கிறது. கிழவனானதும் சாப்பிட ஈட்டுத்தொகை போட முடிந்த அரசால், இளைஞன் வீடு கட்டப் போட முடியாதா?

இரண்டாவது, வருங்கால வைப்பு நிதி. தொழிற்பேட்டையில் நம் பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே கட்டாயச் சேமிப்பு அதுதான். வீட்டுக்காக எடுக்க ஐந்தாண்டு உறுப்பினராக இருக்க வேண்டும் என்றிருந்ததை, 2025 அக்டோபரில் மத்திய அறங்காவலர் குழு பகுதித் தொகை எடுப்பதற்கெல்லாம் ஓராண்டு போதும் என்று தளர்த்த முடிவெடுத்தது. நல்லதுதான். ஆனால் ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் கணக்கு அறுந்துபோகாமல், பிடித்த பணம் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். கட்டாத பணத்தை எந்த விதியாலும் எடுக்க முடியாது.

மூன்றாவது, பட்டா. இதில்தான் எனக்கே இரண்டு மனது. நிபந்தனையை எடுத்துவிட்டால் வங்கி கடன் தரும். நிபந்தனையை எடுத்துவிட்டால் ஒரு மருத்துவச் செலவில், ஒரு கல்யாணத்தில் அந்த மனை கைமாறியும் போகும். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பஞ்சமி நிலம் நிபந்தனை இருந்தும் போய்விட்டது. நிபந்தனை இல்லாமல் என்ன மிஞ்சும்? அதனால் நான் கேட்பது இது: வெளியாருக்கு விற்க முடியாது என்ற பாதுகாப்பு இருக்கட்டும். வீடு கட்டுவதற்காக வங்கியில் அடமானம் வைக்க மட்டும் அனுமதி கொடுங்கள். கடன் திரும்பாவிட்டால் வங்கி அதை ஏலத்தில் விடாமல், ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகம் எடுத்து நம் மக்களிலேயே வீடில்லாத இன்னொருவருக்குக் கொடுக்கட்டும். இழப்புக்கு அரசு உத்தரவாதம் நிற்கட்டும். பெரிய கம்பெனிகளுக்கு உத்தரவாதம் நிற்கும் அரசுக்கு இது பெரிய தொகை இல்லை. இதைவிட நல்ல யோசனை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம். பேசாமல் விடுவதுதான் கூடாது.

நான்காவது, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் சாதி பார்ப்பதைச் சோதித்துப் பிடிக்கும் ஒரு சட்டம். 1955 சட்டத்தின் 4ஆம் பிரிவுக்குப் பல் வைக்க வேண்டும்.

ஐந்தாவதுக்குப் பணமே தேவையில்லை. நம் வீட்டில், நம் கூட்டங்களில், நம் துண்டறிக்கையில் 'இலவச வீடு' என்று எழுதுவதை நிறுத்துவோம். பெருந்தலைவர் காமராஜர் பெயரில் இருக்கும் கல்வீட்டுத் திட்டத்தில் பணம் வாங்கிய அத்தை எதையும் இலவசமாக வாங்கவில்லை. அவர் வாங்கும் சோப்பிலும் செல்போனிலும் வரி இருக்கிறது. வருமான வரி கட்டாதவர் வரியே கட்டாதவர் இல்லை. அந்தப் பொதுக் கஜானாவிலிருந்து கொஞ்சம் திரும்ப வந்தது, அவ்வளவுதான். அடுத்த முறை யாராவது 'இலவசம் கொடுத்தே கெட்டுப்போனார்கள்' என்று ஆரம்பித்தால் கோபப்படாதீர்கள். அமைதியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், உங்க வீட்டுக் கடன் வட்டிக்கு இதுவரைக்கும் எவ்வளவு வரி கழிச்சிருக்கீங்க?"

அவர் கணக்குப் போட ஆரம்பிக்கட்டும்.